வீட்டில் டீசல், பெட்ரோல் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டிராக்டர், பவர் டில்லர், ஜெனரேட்டர், மருந்து தெளிப்பான், புதர் வெட்டும் இயந்திரம் இவற்றில் ஒன்றாவது இல்லாத விவசாய வீடு இன்று அபூர்வம். அவற்றுக்கான டீசலும் பெட்ரோலும் எங்கே இருக்கின்றன என்று பார்த்தால் கொட்டகை மூலையிலோ, மாடிப்படிக்கு அடியிலோ, சமையலறைச் சுவரை ஒட்டியோ இருக்கும். எஞ்சின் ஆயிலை எப்போது மாற்றுவது, எந்த கியரில் உழுவது என்றெல்லாம் விவசாயப் பக்கங்களில் நிறைய எழுதுகிறார்கள். எரிபொருளை வைக்கும் முறை பற்றி யாரும் எழுதுவதில்லை. தீ விபத்துச் செய்திகளும் ‘கேனில் இருந்த பெட்ரோல் தீப்பற்றியது’ என்பதோடு நின்றுவிடுகின்றன. என்ன கேன், மூடி இருந்ததா, எங்கே வைத்து ஊற்றினார்கள், பக்கத்தில் என்ன எரிந்துகொண்டிருந்தது என்பதையும் நிருபர்கள் கேட்டு எழுதினால் படிப்பவர்களுக்கு உபயோகமாக இருக்கும்.

எரிபொருளை வீட்டிலேயே வைக்காதீர்கள் என்று சொல்வது சுலபம். விதைப்பு நேரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு பங்க்குக்கு அலைய முடியாதவர்களுக்கு அந்த அறிவுரையால் பயனில்லை. வைப்பவர்கள் இரண்டு விஷயத்துக்குப் பயப்பட வேண்டும். ஆளுக்கு ஆபத்து ஆவியால்; எஞ்சினுக்கு ஆபத்து தண்ணீரால்.

முதலில் ஆவி. பெட்ரோல் திரவமாக எரிவதில்லை, அதிலிருந்து கிளம்பும் ஆவிதான் எரிகிறது. பொறி பட்டால் பற்றும் அளவுக்கு ஆவி கிளம்ப டீசலுக்குப் பெரும்பாலும் 50 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு வேண்டும். சில தரங்களுக்குக் கொஞ்சம் குறைவு. பெட்ரோலுக்கு மைனஸ் 40 டிகிரியே போதும். அதாவது, பெட்ரோல் கேன் திறந்திருக்கும் எந்த நேரமும் ஆபத்தான நேரம்தான். அந்த ஆவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனமானது. மேலே எழும்பிக் கலையாமல் தரையோடு ஊர்ந்து போய்ப் பள்ளத்திலும் வடிகாலிலும் படிக்கு அடியிலும் தேங்கும். கேன் இருக்கும் இடத்திலிருந்து பல அடி தள்ளியுள்ள அடுப்பிலோ மோட்டார் ஸ்டார்ட்டரிலோ பற்றி, தீ வந்த வழியே கேனுக்குத் திரும்பும். பிரிட்ஜ் தானாக ஓடி நிற்கும்போது அதன் சுவிட்சில் விழும் பொறியே இதற்குப் போதும். வீட்டுக்குள்ளும் வீட்டோடு ஒட்டிய அறையிலும் பெட்ரோல் வைக்கக்கூடாது என்பதற்குக் காரணம் இதுதான். நாற்றம் இல்லை, அதனால் ஆவி இல்லை என்றும் நினைக்கக்கூடாது. நின்றுகொண்டிருப்பவர் மூக்குக்கு எட்டாமல் கணுக்கால் உயரத்திலேயே அது பரவியிருக்கலாம்.

காற்றில் பெட்ரோல் ஆவி 1.4 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால் பற்றாது, ஏறத்தாழ 7.6 சதவீதத்துக்கு மேல் போனாலும் காற்று போதாமல் பற்றாது. நடுவில் இருக்கும் அளவுதான் வெடிக்கும். மூடிய கேன் நிறையப் பெட்ரோல் இருந்தால் அதன் மேற்பகுதியில் ஆவி அடர்த்தியாக இருக்கும். தீர்ந்துபோய் மூடியில்லாமல் கிடக்கும் கேனில்தான் காற்றும் ஆவியும் வெடிக்கும் விகிதத்தில் கலந்திருக்கும்.

காலி டிரம்மைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பழைய 200 லிட்டர் டிரம்மை வெட்டித் தொட்டியாக்குவது, தகடாகப் பிரிப்பது, ஓட்டை விழுந்த டிராக்டர் டேங்கைக் கழற்றிவந்து வெல்டிங் வைப்பது எல்லாம் சர்வ சாதாரணமாக நடக்கிறது. கவிழ்த்துப் பார்த்து ஒரு சொட்டும் விழவில்லை என்றால் காலி என்று முடிவுகட்டிவிடுகிறோம். 200 லிட்டர் டிரம்முக்குள் இருக்கும் காற்று முழுவதையும் வெடிக்கும் கலவையாக்க ஏறத்தாழ 15 மில்லி பெட்ரோல் ஆவியானாலே போதும். இருமல் மருந்து பாட்டிலின் அளவு மூடியில் அவ்வளவு பிடிக்கும். டிரம்மின் மடிப்பிலும் துருவிலும் அதைவிட அதிகமாகவே ஒட்டிக்கொண்டிருக்கும். ‘இது டீசல் டிரம்தானே’ என்ற சமாதானமும் செல்லாது. வெல்டிங் சூட்டில் தகடு பழுக்கும்போது, உள்ளே ஒட்டியிருக்கும் டீசல் ஆவியாகிவிடும். அடுத்த நொடியே அதைப் பற்றவைக்க நெருப்பும் அங்கேயே இருக்கிறது. கட்டிங் டார்ச், வெல்டிங், கிரைண்டர் எல்லாமே இதில் ஒன்றுதான். சோப்புத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கினால் போதாது, நான்கு நாள் வெயிலில் திறந்து வைத்தாலும் போதாது. தொழிற்சாலைகளில் நீராவியால் கழுவி, உள்ளே மந்த வாயுவோ தண்ணீரோ நிரப்பி, கருவி வைத்து ஆவியை அளந்த பிறகுதான் நெருப்பைக் கிட்டே கொண்டுபோவார்கள். அந்த வசதி இல்லாத இடத்தில் எரிபொருள் டிரம்மை வெட்டவே கூடாது. ஓட்டை விழுந்த டேங்குக்கு மாற்று டேங்க் போடுவதே மேல். வெல்டிங் செய்பவரிடம் டிரம்மைக் கொடுக்கும்போது அதில் முன்பு என்ன இருந்தது என்று சொல்லிக் கொடுப்பது கொடுப்பவரின் கடமை. ‘ஏதோ பழைய டிரம்’ என்று கொடுத்துவிட்டு வரக்கூடாது.

இனி கேன். குடிநீர் கேன், சமையல் எண்ணெய் கேன், குளிர்பான பாட்டில் மூன்றும் பெட்ரோலுக்கு ஆகாது. அவற்றின் மூடி ஆவியைத் தாங்குவதற்காகச் செய்ததல்ல. மெல்லிய பிளாஸ்டிக் பெட்ரோலில் இளகி, வெயிலில் நொறுங்கும். ஒளி ஊடுருவும் கேனில் பெட்ரோலே சீக்கிரம் கெட்டுப்போகும். எல்லாவற்றையும்விட மோசம், தண்ணீர் என்று நினைத்துக் குழந்தைகள் எடுத்துக் குடித்துவிடுவது. பெட்ரோலுக்கென்றே தயாரித்த கெட்டியான பிளாஸ்டிக் கேன் அல்லது தகர கேன் வாங்குங்கள். மூடியில் ரப்பர் வாஷர் இருக்க வேண்டும், ஊற்றும் மூக்கும் அதோடு சேர்ந்தே வர வேண்டும். 20 லிட்டருக்கு மேற்பட்ட கேன் வேண்டாம். டீசல் நிறைந்தால் அதுவே 17 கிலோவுக்கு வந்துவிடும். அதைத் தோளுக்கு மேல் தூக்கி ஊற்றும்போதுதான் பாதி சிந்துகிறது. பெட்ரோலுக்கு ஒரு நிறம், டீசலுக்கு இன்னொரு நிறம் என்று வைத்து, பெயரையும் வாங்கிய தேதியையும் அழியாத பெயின்டில் எழுதிவிடுங்கள்.

கேனைக் கழுத்துவரை நிரப்பும் பழக்கத்தை விட வேண்டும். ஒவ்வொரு டிகிரி சூட்டுக்கும் பெட்ரோல் ஆயிரத்தில் ஏறத்தாழ ஒரு பங்கு விரியும். காலையில் குளிர்ச்சியாகப் பிடித்த 20 லிட்டர் மதியத்துக்குள் 20 டிகிரி சூடேறினால் 400 மில்லி கூடியிருக்கும்; கேனில் இடமில்லாவிட்டால் மூடி வழியாக வெளியே வரும். 20 லிட்டர் கேனில் 19 லிட்டர் போதும். வெயில் பட்ட கேனைத் திறக்கும்போது மூடியை ஒரேயடியாகத் திருகாமல், கால் சுற்றுத் திருகிக் காற்று ‘உஸ்’ என்று போனபின் திறக்க வேண்டும்.

பங்க்கில் கேன் நிரப்பும்போது கைபேசியைப் பற்றித்தான் எல்லோரும் எச்சரிக்கிறார்கள். அதைவிடக் கவலைப்பட வேண்டியது நிலைமின்சாரத்துக்கு. குழாய்க்குள் ஓடும் பெட்ரோல் உராய்ந்து மின்னேற்றம் பெறுகிறது. கேன் தரையில் இருந்தால் அது பெரும்பாலும் கசிந்து இறங்கிவிடும். டெம்போவிலோ காரின் டிக்கியிலோ பிளாஸ்டிக் விரிப்பின்மேல் கேன் இருந்தால் மின்னேற்றத்துக்குப் போக்கிடம் இல்லை. உலோக நாசில் கிட்டே வரும்போது பொறியாக விழும். எனவே கேனை எப்போதும் வண்டியிலிருந்து இறக்கித் தரையில் வைத்து, நாசில் கேனின் வாயைத் தொட்டபடியே இருக்க, மெதுவாக நிரப்ப வேண்டும். பெட்ரோலுக்குப் பிளாஸ்டிக் புனல் நல்லதல்ல. உலோகப் புனல் என்றால் அது கேனையும் டேங்கையும் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். தகர டிரம்மிலிருந்து தகர கேனுக்கு பெட்ரோல் இறக்குபவர்கள் இரண்டையும் கிளிப் போட்ட செம்புக் கம்பியால் இணைத்த பிறகே மூடியைத் திறக்க வேண்டும்.

பேட்டரியில் ஓடும் 12 வோல்ட் டீசல் பம்ப்பை வைத்துப் பெட்ரோலை ஏற்றி இறக்குபவர்களும் இருக்கிறார்கள். அந்த மோட்டாருக்குள் கார்பன் பிரஷ் பொறி விட்டுக்கொண்டே இருக்கும். பம்ப்பின்மேல் பெட்ரோலுக்கு ஏற்றது என்று தெளிவாக எழுதியிருந்தால் ஒழிய அதை டீசலுக்கு மட்டும்தான் பயன்படுத்த வேண்டும்.

பெட்ரோல் இருந்த கேனில் டீசல் பிடிப்பதும் தவறு. மிச்சமிருக்கும் பெட்ரோல், டீசல் பற்றும் வெப்பநிலையை வெகுவாகக் கீழே இறக்கிவிடும். டீசல்தானே என்ற நம்பிக்கையில் நாம் நெருப்புக்குப் பக்கத்தில் வைத்திருப்போம். கூடவே, டீசல் பம்ப்புக்கு உராய்வைக் குறைப்பது டீசலே. அதில் பெட்ரோல் கலந்தால் பம்ப் பிளஞ்சர் வறண்டு தேயும். குளிர்காலத்தில் ஸ்டார்ட் ஆக வேண்டும் என்று டீசலில் கொஞ்சம் பெட்ரோல் கலக்கும் பழைய பழக்கம் இன்றைய எஞ்சின்களுக்குக் கொஞ்சமும் ஒத்துவராது.

பலருக்குத் தெரியாத ஒன்று: பொறியே இல்லாமல் சூட்டில் மட்டும் தானாகப் பற்றுவதில் பெட்ரோலை முந்திவிடும் டீசல். டீசலுக்குச் சுமார் 210 டிகிரி போதும், பெட்ரோலுக்கு 250-க்கு மேல் வேண்டும். பாரம் இழுத்துவிட்டு வந்த டிராக்டரின் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு இந்த அளவை எளிதாகத் தாண்டியிருக்கும். பல டிராக்டர்களில் டேங்க் வாய் பானெட்டுக்கு மேலேயே இருக்கிறது. வழிந்தால் நேரே சூடான இரும்பின்மேல்தான் விழும். எஞ்சினை நிறுத்திப் பத்துப் பதினைந்து நிமிடமாவது ஆற விட்டு ஊற்றுங்கள். தெளிப்பான், புதர்வெட்டி போன்ற சின்ன எஞ்சின்களில் டேங்கும் சைலன்சரும் ஒரு சாண் தூரத்தில் இருப்பதால் இது இன்னும் முக்கியம். தோளில் மாட்டியபடியே பெட்ரோல் ஊற்றவே கூடாது. ஊற்றிய இடத்திலேயே ஸ்டார்ட் செய்யாமல் பத்தடி தள்ளிப் போய்க் கயிற்றை இழுங்கள்.

இடம் பற்றி: தரைக்கு மேல் வைக்கும் பண்ணை டேங்குகளுக்கு, கட்டடங்களிலிருந்து 40 அடி இடைவெளி என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. கிணறு, ஆழ்துளைக் கிணறு பக்கத்தில் என்றால் 150 அடிக்குக் குறையாமல் தள்ளி வையுங்கள். நிழல் வேண்டும், கீழ்ப்பக்கமும் மேல்பக்கமும் காற்றோட்டம் வேண்டும். வைக்கோல், உரம், பூச்சிமருந்து பக்கத்தில் கூடாது. அடியில் தொட்டிபோலக் கரை கட்டி, டிரம்மில் பிடிப்பதைப்போல 110 சதவீதம் பிடிக்கும்படி இருந்தால், டிரம் ஓட்டையானாலும் டீசல் மண்ணில் இறங்காது. எவ்வளவு வைத்துக்கொள்ளலாம், எதற்கு உரிமம் வேண்டும் என்பது நாட்டுக்கு நாடு வேறு. பெட்ரோலுக்கு வரம்பு எப்போதும் டீசலைவிட மிகக் குறைவு. உள்ளூர் தீயணைப்பு நிலையத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

எவ்வளவு வாங்குவது என்பதில் என் கருத்து ஒன்றுதான்: ஒரு மாதத்தில் தீர்ந்துவிடுகிற அளவு. 45 குதிரைத்திறன் டிராக்டர் பாரமான உழவில் மணிக்கு 5, 6 லிட்டர் குடிக்கும். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் ஓடினால் 200 லிட்டர் டிரம் நான்கைந்து நாளைக்குத்தான் வரும். உழவு சீசனில் அது நியாயமான இருப்பு. வேலை இல்லாத காலத்திலும் விலை ஏறும் என்று மூன்று டிரம் வாங்கிப் போட்டால், மிச்சம் பிடித்த காசு ஃபில்டரிலும், எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இஞ்செக்டரிலும் போய்விடும்.

இங்கேதான் தண்ணீர் வருகிறது. டீசல் கெடுவதில் பெரும்பங்கு டீசலுடையதல்ல, அதில் சேரும் தண்ணீருடையது. அந்தத் தண்ணீர் எப்படிச் சேர்கிறது? இரவுக் குளிரில் டிரம்முக்குள் ஈரக்காற்று வியர்த்துச் சொட்டுவதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அது உண்டு, ஆனால் சிறிய பங்கு. நிமிர்த்தி வைத்த டிரம்மின் மேல்தகட்டைப் பாருங்கள்: சுற்றிலும் விளிம்பு உயர்ந்து ஒரு தட்டுப்போல இருக்கும், இரண்டு மூடிகளும் அந்தத் தட்டுக்குள்தான் இருக்கும். மழை பெய்தால் அதில் தண்ணீர் நிற்கும். பகலில் சூட்டில் டிரம் காற்றை வெளியே தள்ளும். மழை விழுந்து தகடு சட்டென்று குளிர்ந்ததும் உள்ளே இழுக்கும். மூடியின் மரையைச் சுற்றித் தண்ணீர் நிற்பதால், காற்றுக்குப் பதில் அதுவே உள்ளே போகும். மூடியை எவ்வளவு இறுக்கியிருந்தாலும் வாஷர் பழசானால் இது நடக்கும்.

தீர்வு எளிது. டிரம்மைக் கூரையடியில் வையுங்கள். அதற்கு வழியில்லாமல் வெளியில் நிற்கவேண்டி வந்தால், ஒரு பக்கம் கட்டை கொடுத்துச் சாய்த்து, இரண்டு மூடிகளும் சரிவின் குறுக்கே நடு உயரத்தில் வரும்படி திருப்பி வையுங்கள். தண்ணீர் தாழ்ந்த விளிம்பில் தேங்கும், மூடியைத் தொடாது. படுக்க வைத்துக் குழாய் போடுவதென்றால் மரத் தொட்டில் செய்து, குழாய் இருக்கும் பக்கம் பின்பக்கத்தைவிட மூன்று அங்குலம் உயர்ந்திருக்கும்படி வைக்க வேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கடைசிச் சொட்டுவரை வர வேண்டும் என்று குழாய்ப் பக்கம் தாழ்த்திவிடுகிறார்கள். தண்ணீரும் துருவும் மண்டியும் தாழ்ந்த பக்கத்தில்தான் சேரும், அங்கே குழாய் இருந்தால் முதலில் வருவதே அதுதான். நிமிர்ந்த டிரம்மில் கைப்பம்ப் வைப்பவர்கள் உறிஞ்சும் குழாயின் நுனி அடித்தகட்டிலிருந்து மூன்று நான்கு அங்குலம் மேலே நிற்கும்படி வெட்டிக்கொள்ளுங்கள். டீசல் எடுக்கும்போது சின்ன மூடியைச் சற்றுத் தளர்த்திக் காற்று விட வேண்டும், எடுத்து முடித்ததும் உடனே இறுக்கிவிட வேண்டும்.

டிரம்மை உருட்டியபின், புதிதாக நிரப்பியபின், 24 மணி நேரம் அசையாமல் இருக்க விடுங்கள். நுண்துளியாகக் கலந்திருக்கும் தண்ணீர் இறங்க அவ்வளவு நேரம் வேண்டும். பிறகு ஒரு ஓஸ் குழாயை அடிவரை விட்டு, அடிமட்டத்திலிருந்து அரை லிட்டர் எடுத்து, வாய் அகன்ற கண்ணாடி பாட்டிலில் ஊற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். நல்ல டீசல் கண்ணாடிபோலத் தெளிந்து பளபளக்கும். மங்கலாக, பனி படர்ந்ததுபோல் இருந்தால் தண்ணீர் கலந்து நிற்கிறது. அடியில் தனியாக உருண்டு ஓடுவது தண்ணீர். சந்தேகமாக இருந்தால் தண்ணீரில் கரையும் சமையல் வண்ணத்தை ஒரு சிட்டிகை போடுங்கள்: டீசலில் கரையாது, அடியில் தண்ணீர் இருந்தால் அது மட்டும் நிறம் மாறும்.

தண்ணீரும் டீசலும் சந்திக்கும் அந்த மெல்லிய எல்லையில் பூஞ்சையும் பாக்டீரியாவும் குடியேறும். தண்ணீரில் வாழ்ந்து டீசலைத் தின்னும். கறுப்பாகவோ பழுப்பாகவோ வழவழவென்று ஏடு படியும், புளித்த வாடை வரும். அவை விடும் அமிலம் டேங்கின் அடித்தகட்டை அரிக்கும். ஃபில்டரைக் கழற்றினால் உள்ளே சளிபோல அப்பியிருக்கும். புது ஃபில்டர் போட்டு, அதுவும் சில மணி நேரத்தில் அடைத்துக்கொண்டால் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும். கிருமிக்கொல்லி மருந்து விற்கிறார்கள். ஆனால் செத்த கிருமியும் டேங்கிலேயேதான் கிடக்கும், அதுவும் ஃபில்டரை அடைக்கும். டேங்கை இறக்கிக் கழுவி, தண்ணீரை ஒழித்த பிறகு மருந்து போட்டால்தான் பயன். மருந்து தோலுக்கு ஆகாது, கையுறை அவசியம்.

பழைய டிராக்டர்களின் இஞ்செக்டர் நாசில் 200 பார் அழுத்தத்துக்குப் பக்கத்தில் திறக்கும். அவை ஓரளவு அழுக்கைத் தாங்கின. எல்லா இஞ்செக்டருக்கும் ஒரே உயரழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் இன்றைய காமன் ரெயில் எஞ்சினில் அழுத்தம் 1,600 பாருக்கு மேல், உள்பாகங்களின் இடைவெளியோ இரண்டு மூன்று மைக்ரான்தான். கண்ணுக்குத் தெரியாத தூசு அங்கே உப்புக்காகிதம் போல வேலை செய்யும். தண்ணீர்த்துளி இஞ்செக்டர் நுனிவரை போனால் அங்கே ஆவியாகி நுனியையே தெறிக்க வைக்கும். அதனால் ஊற்றும்போதே தடுக்க வேண்டும்: நுண்வலை போட்ட சுத்தமான புனல், அதற்கென்றே மூடியுள்ள டப்பா. துணியில் வடிகட்டுவது வேண்டாம், அதன் நூல்தான் முதலில் ஃபில்டருக்குப் போகும். டீசலிலிருந்து தண்ணீரைப் பிரிக்கும் வாட்டர் செப்பரேட்டர் கிண்ணத்தின் அடித்திருகை உழவு சீசனில் தினமும் காலையில் ஸ்டார்ட் செய்யுமுன் திறந்து வடித்துவிடுங்கள். புது ஃபில்டரை மாட்டும்போது, சீக்கிரம் ஸ்டார்ட் ஆகட்டும் என்று கேனிலிருந்து டீசலை அதன் நடுத்துளையில் ஊற்றுவார்கள். நடுத்துளை என்பது வடிகட்டிய டீசல் வெளியேறும் வழி. அங்கே ஊற்றுவது வடிகட்டாமலேயே பம்ப்புக்குப் போகும். காலியாக மாட்டிவிட்டு, ஃபில்டரின் ஏர் திருகைத் தளர்த்தி, குமிழி நிற்கும்வரை பிரைமரை (டீசலை ஏற்றும் சின்னக் கைப்பம்ப்) கையால் அடிப்பதே முறை.

துத்தநாகப் பூச்சுள்ள ஜி.ஐ. டிரம்மும் ஜி.ஐ. குழாயும் டீசலுக்குப் பொருந்தாது. துத்தநாகம் டீசலோடு வினைபுரிந்து பிசின்போன்ற படிவை உண்டாக்கும். சாதாரண இரும்பு டிரம் அல்லது கெட்டி பிளாஸ்டிக் டேங்க் போதும். புது டிராக்டர்களில் புகையைச் சுத்தப்படுத்தத் தனி டேங்கில் ஊற்றும் யூரியா திரவத்தை டீசல் கேன்களோடு ஒரே வரிசையில் வைக்காதீர்கள். இருட்டில் அதை டீசல் டேங்கில் ஊற்றிவிட்டால், எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல், சாவியைக்கூடத் திருப்பாமல், டேங்கை இறக்கிக் கழுவ வேண்டும்.

பெட்ரோலின் ஆயுள் டீசலைவிடக் குறைவு. நல்ல மூடியுள்ள கேனில், நிழலில் மூன்று முதல் ஆறு மாதம். எத்தனால் கலந்த பெட்ரோல் இன்னும் சீக்கிரம் கெடும்; எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். பத்து சதவீத எத்தனால் உள்ள பெட்ரோல் தாங்குவது லிட்டருக்குச் சுமார் 5 மில்லி தண்ணீர்தான். அதைத் தாண்டினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து அடியில் தனி அடுக்காகப் பிரிந்துவிடும், டேங்கின் உறிஞ்சுகுழாயும் அடியில்தான் இருக்கிறது. குலுக்கினால் சேராது. மொத்தத்தையும் மாற்ற வேண்டியதுதான். மாதக்கணக்கில் நிற்கப்போகும் தெளிப்பானில் டேங்கைக் காலி செய்து, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓட்டி, கார்புரேட்டர் கிண்ணத்தையும் வடித்துவிட்டால் ஜெட் அடைக்காது.

டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு 50-க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி ஆயில், 25-க்கு 1 என்றால் 40 மில்லி. கண்ணளவில் ஊற்றாமல் அளவுமூடி வைத்துக்கொள்ளுங்கள். தனிக் கேனில் பாதிப் பெட்ரோல், பிறகு ஆயில், மூடிக் குலுக்கி, மீதிப் பெட்ரோல். ஆயில் குறைந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். கூடினால் பிளக் கரிந்து புகை வரும். கலந்ததை ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். கேனில் விகிதத்தை எழுதாமல் விட்டால், வெறும் பெட்ரோலையே கலவை என்று நினைத்து யாராவது ஊற்றிவிடுவார்கள்.

ஓஸை வாயால் உறிஞ்சி டீசல் இறக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. வயிற்றுக்குப் போவதைவிட நுரையீரலுக்குப் போகும் சில சொட்டுதான் ஆபத்து. அது நுரையீரலைப் புண்ணாக்கி நிமோனியாவில் கொண்டுபோய் விடும். யாராவது விழுங்கிவிட்டால் விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாந்தியோடு மேலே வருவது மூச்சுக்குழாய்க்குள் இறங்கும். நேரே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். ரப்பர் குமிழ் வைத்த கைப்பம்ப் ஒன்று வாங்கிவிட்டால் இந்தப் பிரச்சினையே இல்லை. துணியில் பெட்ரோல் கொட்டிவிட்டால் நெருப்பு, சுவிட்ச் எதற்கும் கிட்டே போகாமல், முதலில் தண்ணீர் ஊற்றி நனைத்த பிறகு கழற்றுங்கள். காய்ந்த துணியை உருவும்போதும் நிலைமின்பொறி வரும்.

தீ அணைக்க ஏ.பி.சி. உலர்தூள் கருவி, 4 அல்லது 6 கிலோ. அதை டிரம்முக்கு மேலேயே மாட்டாதீர்கள், தீப்பிடித்தால் எடுக்க முடியாது. வரும் வழியில், சில அடி தள்ளி மாட்டுங்கள். பின்னை இழுத்து, தீயின் அடிப்பகுதிக்கு நேரே இடமும் வலமும் அடிக்க வேண்டும். இரண்டு வாளி உலர்ந்த மணலும் இருக்கட்டும், சிந்தியதை உறிஞ்சவும் உதவும். தண்ணீர் ஊற்றினால் எரியும் எரிபொருள் அதன்மேல் மிதந்து இன்னும் பரவும். எரிகிற கேனைத் தூக்கி வெளியே எறிய ஓடுபவர்களுக்குத்தான் பெரும்பாலும் உடம்பெல்லாம் தீக்காயம். கேனை விட்டுவிட்டு ஆட்களை வெளியேற்றுங்கள்.

கடைசியாக ஒன்று, பட்டறைகளிலும் அலட்சியப்படுத்துவது: எஞ்சின் ஓடும்போது இஞ்செக்டர் பைப்பில் கசிவைக் கையால் தடவித் தேடுவது. அந்த அழுத்தத்தில் ஊசிமுனை அளவு வரும் டீசல் கையுறையையும் தோலையும் துளைத்து உள்ளே போகும். பார்த்தால் ஒரு முள் குத்திய புள்ளிபோல இருக்கும், முதலில் வலிகூட இருக்காது. சில மணி நேரத்துக்குள் அறுவைச் சிகிச்சை செய்யாவிட்டால் விரலையே எடுக்க வேண்டி வரலாம். கசிவைத் தேட ஓர் அட்டைத்துண்டு போதும், ஈரம் படும் இடம் தெரிந்துவிடும். குத்திவிட்டால், அழுத்தமான டீசல் உள்ளே போயிருக்கிறது என்ற விவரத்தை மருத்துவரிடம் முதல் வார்த்தையிலேயே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் மருந்து தடவிக் கட்டுப்போட்டு அனுப்பிவிடுவார்கள்.

இப்படிக்கு,
டீசல் எஞ்சின் மெக்கானிக் ஒருவர்